ரெண்டு எச்பி மோட்டாரும் பன்னிரண்டு மணியும்

1. எட்டாவது போன்

குளச்சலிலிருந்து போன் வந்தால் எங்கள் எம்.டி. எழுந்து நின்றுதான் பேசுவார். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்துச் சத்தத்தை உட்கார்ந்து கேட்க முடியாது.

அன்றும் நின்றபடியே பேசி முடித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். "எம்மா, மீன் கம்பெனி பெல்ட்டு இன்னைக்கும் நின்னு போச்சாம். இதோட எட்டாவது தடவையாக்கும். உனக்க கணக்கு சரிதானா?"

"கணக்கு சரிதான் சார்" என்றேன்.

முப்பத்தோரு வருட சர்வீஸில் இந்த வாக்கியத்தை நான் சொன்ன அளவுக்கு வேறெதையும் சொன்னதில்லை. நாகர்கோவிலில் கன்வேயர் பெல்ட் செய்யும் ஒரு கம்பெனியில் டிசைன் பார்த்தவள் நான். எந்தப் பெல்ட்டை இழுக்க எவ்வளவு விசை வேண்டும், அதற்கு எத்தனை குதிரைச் சக்தி மோட்டார் போட வேண்டும் என்று கணக்குப் போட்டே காலம் தள்ளினேன். போன வருடம் மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம் எல்லாம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடிகாரம் ஓடவில்லை. அதற்குள் இருப்பது என் மோட்டார் இல்லை என்பதில் ஒரு திருப்தி.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். படிக்க மாட்டீர்கள், எக்செல் ஷீட் எங்கே என்று கேட்பீர்கள். அதுவும் வருகிறது, பொறுங்கள்.

2. கணக்கு

குளச்சலில் அது ஒரு மீன் பேக்கிங் கம்பெனி. கீழ்த்தளத்தில் பெண்கள் மீனைத் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்குவார்கள். கோல்டு ரூம் மாடியில். ஐஸும் மீனுமாய்க் கனக்கும் பெட்டிகளைத் தினமும் மாடியேற்றும் யோசனை எந்த மகானுக்கு வந்ததோ தெரியவில்லை. கீழே இடமில்லை என்றார்கள். ஓனரின் இரண்டு கார்களுக்கு மட்டும் இடம் இருந்தது.

ஆக, கீழிருந்து மாடிக்குச் சரிவாய் ஒரு பெல்ட். நீளம் இருபது மீட்டர், ஏற்றம் ஐந்து மீட்டர். நீங்கள் நியூட்டன், கிலோவாட் என்று படித்தவர்கள், அப்படியே போடுங்கள். நான் கிலோ, எச்பி காலத்து ஆள்.

பெட்டி ஒன்று முப்பது கிலோ. மீட்டருக்கு ஒரு பெட்டி வைத்தால் பெல்ட் மேல் இருபது பெட்டி, அறுநூறு கிலோ. நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுவதால் அதில் கால் பங்கு, அதாவது நூற்றைம்பது கிலோ, மேலே தூக்குவதற்கே போய்விடும். அடுத்தது உராய்வு. மேலும் கீழுமாகப் பெல்ட்டின் சொந்த எடை இருநூற்று நாற்பது கிலோ. சுமையோடு சேர்த்தால் எண்ணூற்று நாற்பது. உருளைகள் மேல் ஓடுவதால் நூற்றுக்கு ஐந்து போதும், நாற்பத்திரண்டு கிலோ. மொத்த இழுவிசை நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோ. பெல்ட் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். இரண்டையும் பெருக்கி, ஒரு எச்பிக்கான எழுபத்தைந்தால் வகுத்தால் ஒன்றேகால் எச்பிக்குச் சற்று மேல் வரும். கியர் பாக்ஸ் தன் பங்குக்கு நூற்றுக்கு முப்பதைத் தின்றுவிடும். அதையும் சேர்த்தால் 1.83.

கடையில் கிடைப்பது இரண்டு, மூன்று, ஐந்து எச்பி. நான் மூன்று என்று எழுத நினைத்து, பென்சிலைக்கூட எடுத்துவிட்டேன்.

எம்.டி. எட்டிப் பார்த்தார். "ஒண்ணு எண்பத்து மூணுக்கு மூணு என்னத்துக்கு? ரெண்டு போராதா?"

போதும்தான். கணக்கில் போதும். இரண்டு என்று எழுதினேன். அவர் சொன்னதால் எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. என் கணக்கு இடித்துச் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார், அது தலையாட்டிவிட்டது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கணக்குக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இருபத்திரண்டு கேள்விகள். பத்தைப் போனில் கேட்பேன். மீதியை அனுபவத்தால் நிரப்புவேன். அனுபவம் என்றால் வேறொன்றும் இல்லை, கேட்கச் சோம்பல்.

3. ஆய்வுக் குழு சாப்பிடப் போனது

போன் வந்த மறுநாள் நானும் டென்சிங்கும் குளச்சல் போனோம். டென்சிங் எங்கள் சர்வீஸ் எலக்ட்ரீஷியன். எந்த மோட்டாரையும் காதைக் கிட்டே வைத்துக் கேட்டே கோளாறு சொல்லிவிடுவார். சரியாகவே சொல்வார், பசி வரும் வரைக்கும்.

கம்பெனி மானேஜர் அஞ்சுகிராமத்துக்காரர். தினமும் பஸ்ஸில் வந்து, ஏசி அறையில் நுழைந்து, மாலையில் பஸ் ஏறுபவர். அவர் கையில் ஒரு தாள் இருந்தது.

"எட்டு தடவையும் பன்னெண்டு மணிக்குத்தான் நின்னிருக்கு மேடம். நேரத்தைக் குறிச்சு வச்சிருக்கேன். மோட்டாருக்கு மணி பார்க்கத் தெரியுமா? தெரியாது. அப்போ யாருக்குத் தெரியும்? ஆப்பரேட்டருக்கு. வேணும்னே செய்யுதான் அந்த ஆளு."

இவ்வளவு தெளிவாகச் சிந்திப்பவர் மீன் கம்பெனியில் முடங்கிக் கிடக்கிறாரே என்று வருத்தமாக இருந்தது.

அந்த ஆளின் பெயர் சேசடிமை. ஊர் கடியப்பட்டணம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் பதினெட்டு வருடம் பெல்ட் ஓட்டியவர். அங்கே முதுகுத்தண்டில் ஒரு வட்டு நழுவி, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மீன்பிடி வள்ளத்தில் போக முதுகு விடாது. நான்கு வருடம் வீட்டில் இருந்த பிறகு கிடைத்தது இந்த ஸ்டூலும் இரண்டு பொத்தான்களும். பச்சையை அழுத்தினால் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை அந்தக் கரையில் அது ஒன்றுதான்.

பெல்ட் பெட்டிகளோடு நின்றுவிட்டால் பாதிப் பெட்டிகளையாவது கையால் இறக்கினால்தான் மறுபடி ஓடும். இறக்குவது யார்? முதுகு போன இந்த மனிதர்தான். பெல்ட் காலியானால்தான் சாப்பாடு என்பதால் பெண்கள் எல்லாரும் டிபன் பாத்திரத்தோடு நின்று அவரைத் திட்டிக்கொண்டிருப்பார்களாம்.

"பன்னெண்டு மணிக்கு என்ன வித்தியாசமா செய்யுதீங்க?" என்று கேட்டேன்.

"எப்பவும் போலத்தான் மேடம். புதுசா ஒண்ணும் செய்யல்ல. ஸ்டார்ட் அடிச்சா ஊம்னு முனகும், ரிலே சாடி கரண்டக் கட் பண்ணிரும். எனக்க தப்பு என்னான்னு நீங்களே சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்."

பெட்டிகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். ஓடியது. நிறுத்தி ஓட்டினோம். ஓடியது. டென்சிங் காதை வைத்துக் கேட்டார். "மோட்டார் தங்கமாக்கும் மேடம்" என்றார். மணி பதினொன்றே முக்கால். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் அயிலை மீன் குழம்பு பன்னிரண்டரைக்கெல்லாம் தீர்ந்துவிடும் என்பது டென்சிங்கின் தொழில்நுட்ப அறிவில் ஒரு முக்கியமான பகுதி. போய்விட்டோம். திரும்பி வந்தபோது பெல்ட் நின்றிருந்தது. சேசடிமை பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மறுபடி போனோம். வோல்டேஜ் பார்த்தோம், வயர் மாற்றினோம், ஓவர்லோடு ரிலே புதிதாகப் போட்டோம். பதினொன்றே முக்காலுக்கு அயிலைக் குழம்பு. திரும்பி வந்தால் அதே காட்சி.

பன்னிரண்டு மணிக்கு மட்டும் நிற்கும் இயந்திரத்தைப் பன்னிரண்டு மணிக்குப் பார்க்க வேண்டும் என்று இருபத்தைந்து வருட அனுபவம் உள்ள ஒருத்திக்கும், காதால் நோய் கண்டுபிடிக்கும் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கிளம்பும்போது மானேஜர் அந்தத் தாளின் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார். சேசடிமையிடமே வாசித்துக் காட்டினார். "இன்னும் ஒரு தடவை நின்னா, ஆளை மாத்திருவேன். பெறகு என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

சேசடிமை என்னைப் பார்த்தார். நான் என் பையில் எதையோ தேடினேன்.

4. மணி

மறுநாளே மூன்றாவது முறை போனோம். அன்று ஓட்டல்காரரின் மகளுக்குக் கல்யாணம், கடை அடைப்பு. அந்தப் பெண் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

டென்சிங் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் நாங்கள் வேலையைக் கவனித்தோம்.

பதினொன்றே முக்கால் வரை பெட்டிகள் மீட்டருக்கு ஒன்றாய், என் கணக்குக்குப் பணிந்து போயின. அதன் பிறகு பெண்களுக்குக் கையில் ஒரு வேகம் வந்தது. "ஏட்டி, சீக்கிரம் வை, மணியடிக்கப் போவுது!" என்று ஒருத்தி கத்தினாள். மணிக்கு முன்னால் மேசையைக் காலி செய்துவிட்டால் மணிக்குப் பிறகு பெல்ட் காலியானதும் சாப்பாடு. ஒன்றையொன்று முட்டிக்கொண்டு பெட்டிகள் ஏற ஆரம்பித்தன. மீன் வரத்து கூடிய நாட்களில்தான் இப்படி நெருக்குமாம். எண்ணிப் பார்த்தேன். இருபது மீட்டரில் முப்பத்து மூன்று பெட்டி. மோட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் அப்படிப் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கும்.

மாதா கோயில் மணி அடித்தது.

சேசடிமை சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பெல்ட் நின்றது. பிரேக் உள்ள மோட்டார் என்பதால் முப்பத்து மூன்று பெட்டிகளும் சரிவில் அப்படியே நின்றன. பெண்கள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டார்கள். மாடியில் பெட்டி எடுப்பவர் எடுத்த பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றார். வாசலில் ஐஸ் லாரிக்காரர், அவர் முஸ்லிம், இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் மணிக்குச் சொல்லும் திரிகாலச் செபம். இரண்டு நிமிடம் இருக்கும். அவ்வளவு சத்தமான இடத்தில் கடல் இரைவது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

முடிந்தது. சிலுவை போட்டுக்கொண்டார்கள். சேசடிமை பச்சையை அழுத்தினார்.

மோட்டார் ஊம் என்று முனகியது. ரிலே சாடியது.

டென்சிங் என்னைப் பார்த்தார். நான் டென்சிங்கைப் பார்த்தேன். "சவம், இதாக்கும் காரியம்" என்றார்.

எங்கள் ஊர் நெல்வயலுக்கு நடுவே இருக்கிற ஊர். அங்கேயும் கோயிலில் மணி அடிக்கும், உச்சிக்காலப் பூசைக்கு. அதற்காக யாரும் எதையும் அணைத்ததில்லை. இவர்களுக்கோ மணி அடித்தால் நிறுத்துவது மூச்சு விடுவது மாதிரி. மூச்சு விட்டேன் என்று யார் சர்வீஸ் எஞ்சினியரிடம் சொல்வார்கள்? மானேஜருக்கு மணிச் சத்தம் தெரியும். அவருக்கு அது சாப்பாட்டு மணி.

சேசடிமையிடம் போனேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன். "நீங்க நின்னு செபம் சொல்லுங்க, வேண்டாம்னு சொல்லல. பெல்ட் அது பாட்டுக்கு ஓடட்டுமே? என்னத்துக்கு நிறுத்துதீங்க?"

அவர் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"ஓடுனா மேல பெட்டிய எடுக்கது யாரு மேடம்? அவனும் நிக்கான்லா. எடுக்க ஆளில்லாம பெட்டி போனா, ஒண்ண ஒண்ணு தள்ளி கீழ சாடும். கீழ நிக்கது யாரு? இந்தப் பொம்பளையளாக்கும். முப்பது கிலோ தலையில விழுந்தா என்ன ஆகும்? ஆளில்லாத பெல்ட்ட ஓட்டக்கூடாது. சேஃப்டி பஸ்ட்டு. நான் பதினெட்டு வருசம் படிச்சது அதுதான்."

அந்தக் கட்டடத்திலேயே இயந்திரத்தைச் சரியாக ஓட்டிக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான். அவரைத்தான் வேலையை விட்டு அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

5. பதினேழாம் கேள்வி

பெட்டிகளை இறக்க டென்சிங் கைகொடுத்தார். நான் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டேன்.

முப்பத்து மூன்று பெட்டி, தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கிலோ. கால் பங்கு, இருநூற்று நாற்பத்தேழரை. உராய்வு அறுபத்தொன்றரை. மொத்தம் முந்நூற்று ஒன்பது கிலோ. ஓடுவதற்கே மூன்று எச்பி. நின்றிருக்கும் பெல்ட்டை அந்தச் சுமையோடு கிளப்ப அதுவும் போதாது. நிற்கும் கியர் பாக்ஸ் ஓடும் கியர் பாக்ஸைவிட அதிகம் தின்னும். ஐந்து எச்பி வேண்டும். நாங்கள் கொடுத்திருந்தது இரண்டு.

பையில் பழைய படிவம் இருந்தது. பதினேழாவது கேள்வி: "சுமையோடு நின்று, சுமையோடு கிளம்ப வேண்டியிருக்குமா?" எதிரே என் கையெழுத்தில் அழகாக எழுதியிருந்தது: "இல்லை." யாரிடமும் கேட்காமல் எழுதியது. எழுதிய நாள் நினைவில்லை. டீ வந்திருக்கும், அவசரமாக எழுதியிருப்பேன்.

மானேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, அவன்தான் நிறுத்துதான்! அதைத்தானே நான் முதல்லயே சொன்னேன்?"

எம்.டி.க்குப் போன் போட்டேன். அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "எம்மா, ஆப்பரேட்டர் மிஸ்யூஸ்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வந்துரு. நம்ம மோட்டாரை மாத்தாண்டாம். அவங்களுக்கும் ஒரு சமாதானம் ஆச்சு."

எங்கள் கம்பெனியும் அவர்கள் கம்பெனியும் ஒரே கருத்தில் நின்றது அன்று மட்டும்தான். இடையில் ஒரு ஆள் ஸ்டூலை இழப்பார், அவ்வளவுதான். மற்றபடி எல்லாருக்கும் நல்லது.

சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகத்தைத் திறந்தேன். சேசடிமை வாசலில் நின்றார். இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், எனக்க பேருல எழுதுதியளா?" என்றார். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ள மட்டும் கேட்டார்.

வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. எழுதினேன்: "ஆப்பரேட்டர் பெல்ட்டைச் சரியாகவே இயக்கியிருக்கிறார். நிறுத்துவது பாதுகாப்புக்கு அவசியம். தவறு டிசைன் கணக்கில். பதினேழாம் கேள்விக்கு விசாரிக்காமல் 'இல்லை' என்று எழுதியவள் நான். ஐந்து எச்பி மோட்டாரும் அதற்கேற்ற கியர் பாக்ஸும் எங்கள் செலவில் மாற்றித் தரப்படும்." கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து மானேஜரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை வாசித்தார். தன் துப்பறியும் திறமை ஒரு வரியில்கூட வரவில்லையே என்று தேடினார் போல.

எம்.டி. அன்று மாலையும் எழுந்து நின்றார், இந்த முறை என்னிடம் பேச. பேசியதை எழுதினால் அச்சில் வராது. அதன் பிறகு ஒரு வருடம் நான் போட்ட ஒவ்வொரு கணக்கிலும், நானே வேலை கற்றுக்கொடுத்த ஒரு பையன் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. அவன் ஒரு நாளும் கணக்கைத் திறந்து பார்த்ததில்லை. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும்.

புது மோட்டாரை மாட்டிய அன்று நானும் டென்சிங்கும் இருந்தோம். மணி அடித்தது, சிவப்பு, செபம், பச்சை. முப்பத்து மூன்று பெட்டிகளும் ஒரு குலுக்கலோடு மேலே நகர்ந்தன. பெண்கள் ஒரு கூச்சல் போட்டார்கள். சேசடிமை நன்றி சொல்வார் என்று சற்று எதிர்பார்த்தேன்.

காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்க சத்தம் கொஞ்சம் கூடுதலாட்டு இருக்கே மேடம். எண்ணெ விட்டாங்களா?"

எண்ணெய் குறைவாகத்தான் இருந்தது. டென்சிங் ஊற்றினார்.

6. இருபத்து மூன்றாம் கேள்வி

படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தேன்: "பெல்ட் எப்போதெல்லாம் நிற்கும், ஏன்? யாரிடம் கேட்டது?" பெயரோடு எழுத வேண்டும். பின்னால் படிவம் எக்செல்லுக்குப் போனது, குளச்சல் பதில்களே மாதிரியாக. அதுதான் நீங்கள் கேட்ட ஷீட்.

ரிட்டயர் ஆவதற்கு முந்தின வாரம், ஒரு முந்திரி ஆலைக்கான ஷீட் என் மேசைக்கு வந்தது. இருபத்து மூன்றாம் கேள்விக்கு எதிரே: "தினமும் பகல் பன்னிரண்டு மணி, செபத்துக்காக. யாரிடம் கேட்டது: சேசடிமை, ஆப்பரேட்டர்."

கொண்டுவந்த எஞ்சினியரிடம் கேட்டேன். "சேசடிமையைப் பார்த்தியா மக்கா?"

"இல்ல மேடம். பழைய ஷீட்ல இருந்துச்சு. நல்லா இருக்கேன்னு விட்டுட்டேன்."

தேடிப் பார்த்தேன். கல் குவாரி, அரிசி ஆலை, ரப்பர் பேக்டரி, எல்லா ஷீட்டிலும் அவர்தான். ஊர் திரும்பிய பிறகு குளச்சலைத் தாண்டாத மனிதர் மாவட்டம் முழுக்க எங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். போன் போட்டு அவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்போ அவ்வளவு இடத்துல எனக்கு வேல உண்டும்" என்றார். "இஞ்ச ஒரு ஸ்டூலுக்கு என்ன பாடு படுத்தினியளே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஷீட்டைத் திருப்பி அனுப்பினேன். மற்றவையும் என் பெயரில் வெளியே போனவைதான், அவற்றைத் திருப்ப நேரமில்லை. ஆகவே பிள்ளைகளே, இழுவிசைக்குச் சூத்திரம் இருக்கிறது, மோட்டாருக்கு அட்டவணை இருக்கிறது, அவற்றில் யாரும் தப்பு செய்வதில்லை. பெல்ட் நிற்கிற நேரத்துக்கு அந்த இடத்தில் நீங்களே போய் நில்லுங்கள். ஸ்டூலில் இருப்பவரிடம் கேளுங்கள். மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.